முளை அடிக்கும் ஊர்: லாக்ஸ்டனின் நிலமும் வரலாறும்

லண்டனிலிருந்து வடக்கே எடின்பரோ நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், டிரென்ட் ஆற்றங்கரையிலுள்ள நியூவார்க் நகரில் இறங்கி, அங்கிருந்து வடமேற்காக ஏறத்தாழ 16 கிலோமீட்டர் செல்பவர், நாட்டிங்காம்ஷயரின் களிமண் மேடுகளுக்கு நடுவே லாக்ஸ்டன் என்னும் சிற்றூரை அடைகிறார். ஆற்றின் வெள்ளச் சமவெளியைக் கடந்ததும் சாலை மெல்ல ஏறத் தொடங்குகிறது. இருபுறமும் உயிர்வேலிகள் நெருங்கி நிற்க, அவற்றுக்கு அப்பால் சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்ட வயல்கள் தெரிகின்றன. ஆங்கில நாட்டுப்புறம் என்றவுடன் மனத்தில் எழும் இந்தக் காட்சி தொன்மையானது என்று பலரும் எண்ணுவதுண்டு. எனினும் மத்திய இங்கிலாந்தில் அதன் பெரும்பகுதி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களால் உருவாக்கப்பட்டதே ஆகும். அதற்கு முந்தைய நிலக்காட்சி எப்படி இருந்தது என்பதை நூல்களில் படிக்கலாம், பழைய வரைபடங்களில் காணலாம். கால்பட நடந்து பார்க்க வேண்டுமானால் லாக்ஸ்டனுக்குத்தான் வரவேண்டும். ஊரை அணுகியதும் வேலிகள் விலக, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தடுப்பற்று விரியும் மூன்று பெருவயல்கள் அந்த முந்தைய காலத்தின் எச்சங்களாகும்.

இவ்வூரின் வரலாற்றை அதன் மண்ணிலிருந்து தொடங்குவதே பொருத்தம். இங்கு அடித்தளமாக அமைந்திருப்பது டிரையாசிக் காலத்தில், அதாவது இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், வறண்ட நிலப்பரப்பில் படிந்த சேறும் தூசும் இறுகி உருவான செந்நிறக் களிப்பாறை ஆகும். புவியியலார் இதனை மெர்சியா மட்ஸ்டோன் என்று அழைக்கின்றனர். மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் இப்பாறை மறைந்து மணற்கல் மேலே வந்துவிடுகிறது. நீர் தங்காத அந்த மணல் நிலத்தில்தான் ராபின் ஹூட் கதைகளால் உலகறிந்த ஷெர்வுட் காடு வளர்ந்தது. காட்டுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட களிமண் பட்டையோ கோதுமைக்கு உரியது. ஆனால் அது எளிதில் வசப்படும் மண் அன்று. மழைக்காலத்தில் காலணியில் ஒட்டிக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் எடை கூட்டுகிறது. கோடையில் வெடித்துக் கட்டியாகிறது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே கலப்பை இறங்கக்கூடிய நாட்கள் மிகச் சிலவே. இந்தச் சில நாட்களுக்குள் ஊரார் அனைவரும் தத்தம் நிலத்தை உழுதாக வேண்டியிருந்தது என்பதையும், கனத்த கலப்பையை இழுக்கப் பல எருதுகள் தேவைப்பட்டன என்பதையும், அத்தனை எருதுகள் எந்த ஓர் எளிய குடியானவரிடமும் இருந்ததில்லை என்பதையும் சேர்த்து எண்ணினால், இங்கு உழவு ஏன் ஊர்ப் பொதுக் காரியமாக இருந்தது என்பது விளங்கும்.

திறந்த வயல் முறை எனப்படும் அந்த ஏற்பாட்டைச் சுருங்கச் சொல்வதாயின், ஊரின் சாகுபடி நிலம் முழுவதும் வேலியில்லாத சில பெருவயல்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பெருவயலுக்குள்ளும் குறுகி நீண்ட நூற்றுக்கணக்கான கீற்றுகள் வகுக்கப்பட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எல்லா வயல்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கீற்றுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. நல்ல மண்ணிலும் சவட்டு மண்ணிலும், மேட்டிலும் பள்ளத்திலும் அனைவருக்கும் பங்கு கிடைத்தது. கீற்றுக்கும் கீற்றுக்கும் இடையே வேலி இல்லை. ஓர் உழவுசாலே எல்லையாகப் போதுமானதாக இருந்தது. ஆண்டுதோறும் மண்ணைக் கீற்றின் நடுப்பகுதியை நோக்கியே புரட்டி உழுததால் நடு உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் போயின. தாழ்ந்த ஓரங்கள் சரிவோடு ஓடி மழைநீரை வடித்தன. நீண்ட எருதுப் பூட்டைக் கீற்றின் முனையில் திருப்ப உழவர் முன்கூட்டியே வளைய வேண்டியிருந்ததால், கீற்றுகள் நேர்கோடாக அமையாமல் மெல்லிய வளைவுடன் அமைந்தன. மேய்ச்சல் நிலமாக மாறிவிட்ட எத்தனையோ ஆங்கிலக் கிராமங்களில், மாலை வெயில் சாய்வாக விழும்போது புல்லுக்கடியில் இந்த மேடு பள்ளங்களின் வரிசை தெளிவாகத் தெரியும். அங்கெல்லாம் அவை பழைய உழவின் தடயங்கள் மட்டுமே; லாக்ஸ்டனில் அந்தத் திறந்த வயல் முறை நிற்கவேயில்லை.

இன்று எஞ்சியுள்ள மூன்று பெருவயல்கள் தெற்கு வயல், ஆலை வயல், மேற்கு வயல் என அழைக்கப்படுகின்றன. ஆலை வயல் என்னும் பெயர் முற்காலத்தில் அங்கு நின்ற காற்றாலையால் வந்தது. மூன்றும் சேர்ந்து ஐந்நூறு ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இவற்றில் ஒன்று இலையுதிர்காலத்தில் விதைக்கும் குளிர்காலக் கோதுமையையும், மற்றொன்று இளவேனிலில் விதைக்கும் வாற்கோதுமை அல்லது பயறு வகைகளையும் தாங்க, மூன்றாவது தரிசாக ஓய்வெடுக்கும். அடுத்த ஆண்டு இம்முறை ஒரு படி நகரும். தனியொருவர் தம் விருப்பப்படி தம் கீற்றில் வேறொன்றை விதைக்க முடியாது. அறுவடை முடிந்ததும் வயல் முழுவதும் ஊர்க் கால்நடைகளின் மேய்ச்சலுக்குத் திறந்துவிடப்பட்ட காலத்தில், ஒருவருடைய பயிர் மட்டும் பிந்தி நின்றால் அது ஆட்டுக்கு இரையாகியிருக்கும் என்பதால், விதைப்பும் அறுப்பும் ஒரே சீராக நடக்க வேண்டியிருந்தது. இன்று தரிசு வயலில் தீவனப் பயிர் வளர்க்க இடமளிக்கப்பட்டுள்ளது. மேய்ச்சல் உரிமையின் பயன்பாடும் குறைந்துவிட்டது. எனினும் மூன்றாண்டுச் சுழற்சி தொடர்கிறது.

வயலின் தாழ்வான மடிப்புகளிலும், கலப்பை இறங்க இயலாத சரிவுகளிலும், உழாமல் விடப்பட்ட புல்வெளிப் பட்டைகள் நெளிந்து செல்கின்றன. சைக் என்று உள்ளூரார் அழைக்கும் இப்பட்டைகளில் உழவு படாததால் பல்வகைக் காட்டுப் பூக்களும் புற்களும் நிலைத்துள்ளன. அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த இடமாக அரசு இவற்றை அறிவித்துப் பாதுகாக்கிறது. சைக்குகளின் புல் ஆண்டுதோறும் ஏலம் விடப்படுகிறது. இயற்கைப் பாதுகாப்பு என்னும் கருத்தே தோன்றாத காலத்தில், ஏலத்தொகைக்காகவும் உலர்புல்லுக்காகவும் காக்கப்பட்ட புல்வெளி, இன்று சுற்றுவட்டாரத்தில் அரிதாகிவிட்ட தாவரங்களின் புகலிடமாக மாறியிருப்பது குறிப்பிடத்தக்கது.

வயல்களிலிருந்து ஊருக்குள் திரும்பினால், தெருவின் அமைப்பே இம்முறையின் மற்றொரு பாதியை எடுத்துரைக்கிறது. வேலியிட்ட பண்ணைகள் கொண்ட பகுதிகளில் உழவரின் வீடு அவருடைய நிலத்தின் நடுவே தனித்து நிற்கும். இங்கோ நிலம் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடப்பதால் உழவர்கள் ஊரின் நடுத் தெருவிலேயே வாழ்ந்தனர். பல செங்கல் வீடுகள் தங்கள் குறுகிய பக்கச்சுவரைத் தெருவுக்குக் காட்டி நிற்க, அவற்றை ஒட்டித் தொழுவமும் களஞ்சியமும், பின்புறத்தில் நீண்டு செல்லும் கொல்லையும் அமைந்துள்ளன. தெருவின் மையத்தில், புனித மிக்கேல் பெயரிலான தேவாலயத்துக்கு அருகே, டவ்கோட் என்னும் விடுதி உள்ளது. அவ்விடத்திலேயே பயிரை மேய்ந்த அல்லது வழிதவறிய கால்நடைகளை அடைத்துவைக்கும் கொண்டித் தொழுவமும் இருக்கிறது. வேலியற்ற வயல்கள் கொண்ட ஊரில் கொண்டித் தொழுவம் எத்தனை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டைப் பிடித்து அடைப்பதற்கென்றே பிண்டர் என்னும் ஊர்ப் பணியாளர் நியமிக்கப்பட்டார்.

தேவாலயத்துள் எவரிங்ஹாம் குடும்பத்தாரின் இடைக்காலக் கல்லறைச் சிற்பங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று மரத்தில் செதுக்கப்பட்ட பெண்ணுருவம் என்பதால் அரிய ஒன்றாகக் கருதப்படுகிறது. இக்குடும்பம் இங்கு வந்த கதை ஊருக்கு வடக்கே புல் மூடிக் கிடக்கும் கோட்டை மேட்டோடு தொடர்புடையது. நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் 1086இல் தயாரித்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் இவ்வூர் ஜெஃப்ரி அல்செலின் என்னும் பிரபுவின் உடைமையாகப் பதிவாகியுள்ளது. செயற்கை மண்மேடும் அதனையடுத்து அகழியும் கரையும் சூழ்ந்த முற்றங்களும் கொண்ட கோட்டை அதன்பின் எழுந்தது. உரிமை வழிவழியாகக் கைமாறி டி காக்ஸ் குடும்பத்தை அடைந்தபோது, ஷெர்வுட் அரச வனத்தின் பரம்பரைக் காவலர் பதவியும் அக்குடும்பத்தின் வசம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பதவியை வகித்தவர் மாட் டி காக்ஸ் என்னும் பெண்மணி. அரசர் ஜான் காலத்தில் ஒரு பெண் அரச வனத்துக்குக் காவலராக இருந்தார் என்பது பலரும் அறியாத செய்தி. அவர் வழிவந்தோரிடமிருந்து திருமணத் தொடர்பால் எவரிங்ஹாம்களுக்குச் சென்ற அப்பதவி, 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பறிக்கப்பட்டது. அதன்பின் கோட்டை முக்கியத்துவம் இழந்தது. இன்று அங்கு ஒரு கற்சுவர்கூட நிற்கவில்லை. மேடும் பள்ளமும் மட்டும் தெளிவாக இருக்கின்றன. பிரபுக்களின் கல் போனபின்னும் குடியானவரின் உழவுசால் எஞ்சியிருக்கும் ஊர் இது.

இவ்வளவும் பல ஆங்கிலச் சிற்றூர்களுக்குப் பொதுவான வரலாறுதான். லாக்ஸ்டனை ஆய்வாளர்களின் ஊராக்கியது 1635ஆம் ஆண்டு நிறைவுற்ற ஒரு நில அளவை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஊரை விலைக்கு வாங்கியவர் சர் வில்லியம் கூர்ட்டன். ஃபிளாண்டர்ஸிலிருந்து சமயக் காரணத்தால் வெளியேறிய குடும்பத்தில் பிறந்த லண்டன் பெருவணிகர். பார்பேடோஸ் தீவில் முதல் ஆங்கிலக் குடியேற்றத்துக்கு முதலிட்டவரும், அரசர் முதலாம் சார்ல்ஸுக்குப் பெருந்தொகை கடன் தந்தவரும் அவரே. கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக அரசரிடம் உரிமம் பெற்று, இந்தியாவின் மேற்குக் கரையில் பட்கல், கார்வார் முதலிய இடங்களில் வணிகம் செய்த கூர்ட்டன் சங்கம் உருவானதும் இதே 1635இல்தான். தம் கப்பல்கள் கடல் கடக்கும் முன்னரே அவர் 1636இல் காலமானார். அவருடைய முதலீடுகள் பலவும் வாரிசுகளுக்குக் கடனையே மிச்சம் வைத்தன. ஆனால் தாம் வாங்கிய நிலத்தில் என்ன இருக்கிறது என்று அறிய அவர் செய்வித்த அளவை நிலைத்துவிட்டது.

மார்க் பியர்ஸ் என்னும் நில அளவையாளர் வரைந்த அவ்வரைபடம் ஒன்பது தோல்தாள்களில் அமைந்து, இன்று ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. கீற்று ஒவ்வொன்றும் அதில் தனித்தனியே வரையப்பட்டு எண்ணிடப்பட்டுள்ளது. உடன் இணைந்த பதிவேடு, நம் ஊர்ச் சிட்டா அடங்கலைப் போல, எந்தக் கீற்று எவருடையது, எவ்வளவு பரப்புடையது என்பதைச் சொல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால், ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஊரிலிருந்த ஒவ்வொரு குடும்பத்தின் நிலத்தையும் ஒரு துண்டு விடாமல் தேடி எடுக்க முடியும். வெறும் அளவுப் படமாகவும் அது நின்றுவிடவில்லை. கீற்றுகளுக்கு இடையே ஏர் ஓட்டுவோர், கதிர் அறுப்போர், வேட்டையாடுவோர் ஆகியோரின் சிற்றுருவங்களையும், தெருவில் வீடுகள் ஒவ்வொன்றின் வடிவையும் பியர்ஸ் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். சட்டப்படி இவை தேவையற்றவை. ஆயினும் நிலத்தை உழைப்போடு சேர்த்தே கண்ட ஒருவரின் கை இவற்றில் தெரிகிறது.

சார்ல்ஸ் ஆர்வின், கிறிஸ்டபெல் ஆர்வின் என்னும் ஆய்வாளர் தம்பதியர் இவ்வரைபடத்தையும் பதிவேட்டையும் முதன்மைச் சான்றாகக் கொண்டு 1938இல் வெளியிட்ட "தி ஓப்பன் ஃபீல்ட்ஸ்" என்னும் நூல், லாக்ஸ்டனை உலகறியச் செய்தது. சார்ல்ஸ் ஆர்வின் வேளாண் பொருளியல் அறிஞர்; ஆதலால் சட்டத்தையும் வம்சாவளியையும் விடக் கலப்பையையே தம் விளக்கத்தின் மையமாகக் கொண்டார். ஊரார் எருதுகளைச் சேர்த்துப் பூட்டி உழுதபோது, அன்றன்று உழுத துண்டுகள் முறைவைத்து ஒவ்வொருவருக்கும் பங்காகிக் கீற்றுகள் உருவாயின என்பது அவர்கள் கருத்து. பின்னர் 1964இல் ஜோன் திர்ஸ்க் என்னும் வரலாற்றாசிரியர், கீற்றுகள் வாரிசுப் பிரிவினையால் படிப்படியாகப் பெருகின என்றும், பொது மேய்ச்சலும் பொது விதிகளும் மிகப் பிந்தியே முழு வடிவம் பெற்றன என்றும் வாதிட்டார். விவாதம் இன்னும் முடியவில்லை. லாக்ஸ்டனின் களிமண்ணில் ஈரம் காயாத நாளில் நடந்து பார்ப்பவருக்கு, தோற்றம் எதுவாயினும், இம்முறை இங்கே நீடித்ததில் மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு என்ற ஆர்வின் தம்பதியரின் உள்ளுணர்வு வலுவானதாகவே தோன்றும்.

கூர்ட்டனுக்குப் பின் ஊர் பியர்பான்ட் குடும்பத்தின் கைக்குச் சென்றது. அருகிலுள்ள தோர்ஸ்பி மாளிகையைத் தலைமையிடமாகக் கொண்டு, முதலில் கிங்ஸ்டன் பிரபுக்களாகவும் பின்னர் மான்வர்ஸ் பிரபுக்களாகவும் அறியப்பட்ட அவர்களுடைய காலத்தில்தான் இங்கிலாந்தெங்கும் நில அடைப்பு இயக்கம் பரவியது. அதாவது, சிதறிய கீற்றுகளை ஒன்றுசேர்த்து, பொது உரிமைகளை நீக்கி, தனித்தனி உடைமைகளாக வேலியிட்டு அடைப்பது. 1604 முதல் 1914 வரை இதற்கென 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறி 68 லட்சம் ஏக்கர் அடைக்கப்பட்டது. விளைச்சல் பெருகியது என்று அதனைப் போற்றுவோர் உண்டு; ஒரு பசுவை மேய்க்கும் உரிமையை நம்பி வாழ்ந்த ஏழைகள் அதனால் கூலிகளாயினர் என்பதும் மறுக்க முடியாத உண்மை. லாக்ஸ்டனிலும் ஓரங்களில் நிலம் அடைக்கப்பட்டது, பெருவயல்கள் சுருங்கின. ஆனால் முழு அடைப்பு நிகழவில்லை. நிலம் ஒரே பிரபுவிடம் இல்லாமல் மற்றொரு பெருநிலக்கிழாரிடமும் சிறு உடைமையாளர்களிடமும் பிரிந்து கிடந்ததும், அனைவரையும் உடன்படச் செய்வதற்கான செலவும் சிக்கலும், கடினமான களிமண்ணில் அச்செலவு திரும்புமா என்ற ஐயமும் காரணங்களாயின. ஆக, காலதாமதமே முதலில் ஊரைக் காத்தது. அதன் அருமை உணரப்பட்டது 20ஆம் நூற்றாண்டில்தான். அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கீற்றுகள் மறுசீரமைக்கப்பட்டு எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெரிதாயின. வேளாண்மை எளிதாக வேண்டுமென்று செய்யப்பட்ட அம்மாற்றமும் இம்முறையின் ஆயுளை நீட்டியது என்றே கொள்ள வேண்டும்.

தாமதம் காத்ததை அடுத்துக் காத்து நிற்பது நீதிமன்றம். கோர்ட் லீட் எனப்படும் இது, இடைக்காலத்தில் ஒவ்வொரு பிரபுவின் ஆட்சிப்பகுதியிலும் சிறு குற்றங்களையும் நிலத் தகராறுகளையும் தீர்க்கக் கூடிய ஊர்மன்றம். 1977ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த இத்தகைய மன்றங்களின் நீதி அதிகாரத்தைப் பெரும்பாலும் நீக்கியபோதிலும், திறந்த வயல்களை நிர்வகிக்கும் தன் பணியோடு லாக்ஸ்டனின் மன்றம் தொடர்ந்து கூடிவருகிறது. நவம்பர் இறுதியில், முந்தைய ஆண்டு பிரமாணம் எடுத்துக்கொண்ட பன்னிரண்டு ஜூரிகள் அவ்வாண்டு கோதுமை விதைத்த வயலுக்குச் செல்கின்றனர். முளைவிட்ட கோதுமை விரல் உயரம் இருக்கும் அப்பருவத்தில், உழவு எங்கே தொடங்கி எங்கே முடிந்திருக்கிறது என்பது செங்களிமண்ணில் கோடு போட்டதுபோல் தெரியும். கீற்றுகளின் முனையில் ஒருவர் நுனி சீவிய மர முளையைப் பிடிக்க, மற்றொருவர் கனத்த சுத்தியலால் அதனை இறக்க, மூன்றாமவர் அடுத்த முளையோடு நேர் பார்க்கிறார். பொதுவழியிலோ சைக்கிலோ இரண்டு சால் கூடுதலாக ஏறியிருந்தால், அந்தக் கீற்றுக்காரரின் பெயர் குறித்துக்கொள்ளப்படுகிறது. அவரும் ஜூரிகளுள் ஒருவராக அங்கேயே நிற்கக்கூடும்.

ஒரு வாரத்துக்குப்பின் டவ்கோட் விடுதியில் மன்றம் கூடுகிறது. பெய்லிஃப் எனப்படும் மன்றப் பணியாளர் கூட்டத்தைத் தொடங்கிவைக்க, நிலவுரிமையாளரின் சார்பில் ஸ்டுவர்ட் என்னும் சட்டம் பயின்ற அலுவலர் தலைமை வகிக்க, ஜூரிகளின் அறிக்கை வாசிக்கப்பட்டு அபராதம் விதிக்கப்படுகிறது. தொகை சில பவுன்களே. எனினும் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி நிலம் சேர்ப்பது உழவர் உலகத்தில் எங்கும் மூளும் பகை. அதனை அண்டை வீட்டாரின் கண்முன், ஆண்டுக்கொருமுறை, முளையடித்துத் தீர்த்துக்கொள்வதால்தான் வேலியில்லாமல் இத்தனை நூற்றாண்டுகள் ஓட்ட முடிந்தது. அன்றே அடுத்த ஆண்டுக்கான ஜூரிகள் பிரமாணம் எடுத்துக்கொள்கின்றனர்.

1952இல் மான்வர்ஸ் பிரபு, இம்முறை தொடர வேண்டும் என்ற எண்ணத்தோடு ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்கு மாறியது. 2020இல் மீண்டும் பழைய தோர்ஸ்பி எஸ்டேட்டையே சென்றடைந்தது. உரிமையாளர் மாறிய ஒவ்வொரு முறையும் திறந்த வயல்கள் என்னாகும் என்ற கவலை எழுந்தது இயல்பே. பெரிய அறுவடை இயந்திரங்களின் காலத்தில் சிதறிய கீற்றுகளைக் கொண்டு பிழைப்பது எளிதன்று. இங்குள்ள குத்தகைதாரர்கள் தனியே அடைத்த வயல்களையும் சேர்த்தே பயிர்செய்கின்றனர். அருங்காட்சியகமாக ஆக்கிவிட்டால் இம்முறை இறந்துவிடும், ஆதாயம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டாலும் இறந்துவிடும் என்ற இரட்டை நெருக்கடியிலேயே அது நடக்கிறது. அபராதம் கட்டுபவரும் கட்டச் சொல்பவரும் உண்மையான உழவர்களாக இருக்கும்வரைதான் மன்றத்துக்குப் பொருள் உண்டு.

ஊரைச் சுற்றிப் பார்க்க வருவோர் அறிந்திருக்க வேண்டிய மற்றோரிடமும் இவ்வூரின் எல்லைக்குள் உள்ளது. இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் நிகழ்த்திய யூத இனப்படுகொலையை நினைவுகூரவும் கற்பிக்கவும் 1995இல் இங்கு தொடங்கப்பட்ட பெத் ஷாலோம், அப்பணிக்கென்றே பிரிட்டனில் நிறுவப்பட்ட முதல் மையமாகும்; பெருநகரம் எதிலும் அமையாமல் ரோஜாத் தோட்டம் சூழ இந்தக் களிமண் மேட்டில் அமைந்துள்ளது. அதற்கெனத் தனியே ஒரு நாள் ஒதுக்குவது முறை. வயல்களைப் பொறுத்தவரை, கோடையில் பயிர் உயர்ந்து நிற்கும்போது கீற்றுகளைப் பிரித்தறிவது கடினம். தேவாலயத்துக்கு அருகிலிருந்து கோட்டை மேட்டுக்குச் சென்று, பின் புல்வழியாக மேற்கு வயலின் ஓரம் இறங்கி நடக்க விரும்புவோர், விதைப்பு முடிந்து முளைகள் அடிக்கப்பட்டிருக்கும் டிசம்பர்த் தொடக்கத்தில், களிமண்ணைத் தாங்கும் நீண்ட ரப்பர் காலணிகளோடு வருவதே நல்லது.